கத்தாத அசுரன்

கோத்தகிரியில் என் அறைச் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு அனிமேஷன் கதையின் அசுரனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறுமியிடம் அவள் நிழலை விலைக்குக் கேட்கிறவன். "சாப்பிட்டியா கண்ணு?" என்றுதான் ஆரம்பிப்பான். அந்தக் கனிவு நிஜமாக இருக்கணும்; அவளுக்கு அவனைப் பிடித்துப்போனால்தான் நமக்குப் பயம் வரும்.

தெருக்கூத்து இரணியன் உறுமுவது கடைசி வரிசைக்கும் கேட்க. மைக் முன்னால் அது வேண்டாம். கார்டியாய்டு மைக்கை (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை) நெருங்க நெருங்க அடிக்குரல் தானாகக் கனக்கும். 10 சென்டிமீட்டர் தூரத்தில், வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி (நேராகப் பேசினால் 'ப' சொல்லும்போது மூச்சு மைக்கில் பட்டு வெடிக்கும்), சிரித்தபடியே பேசுகிறேன். உதடு விரிந்தால் குரலிலும் சிரிப்பு வந்துவிடும். "கொடுத்துடேன்" என்னும்போது மட்டும் அந்தச் சிரிப்பை எடுத்துவிடுகிறேன்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு நின்றுவிடும். அனிமேஷனில் பெரும்பாலும் குரல்தான் முதலில், வாயசைவு அப்புறம்; அதனால் வரைகிறவர்களும் காத்திருக்கணும். அடுத்து அவன் தோற்கும் காட்சி. அங்கேயும் அவனைக் கத்தவிட மாட்டேன்.