எட்டாவது வாரம்: லேடி எல்ஜினின் சக்கரம் சுற்றிவிட்டது

நேற்று ராத்திரி 11 மணிக்குச் சக்கரம் எங்கும் சிக்காமல் முழுதாக ஒரு சுற்று வந்தது. எட்டு வாரத்தில் இதுதான் முதல் தடவை.

நான் செய்வது லேடி எல்ஜின் என்ற நீராவிக் கப்பலின் மாதிரி; பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரைத் தள்ளி ஓட்டும் கப்பல். 1851-இல் அமெரிக்காவின் பஃபலோவில் மரத்தால் கட்டிய கப்பல். 1860 செப்டம்பர் 8 விடியற்காலையில் மிச்சிகன் ஏரியில் மூழ்கியது. அப்போதைய கனடா கவர்னர் ஜெனரல் எல்ஜின் பிரபுவின் மனைவி பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதே பிரபுதான் பிறகு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்து, 1863-இல் தர்மசாலாவில் இறந்து, அங்கேயே அடக்கமானவர்.

அளவு 200-க்கு 1. நிஜக் கப்பல் 252 அடி நீளம், என் மேஜையில் 38 சென்டிமீட்டர் சொச்சம். அடிப்பாகம் தெர்மாகோல், மேல்தளங்கள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. சக்கரத்தை வரையும்போது கணக்கில் தப்பு என்று இரண்டு தடவை அழித்தேன். தப்பில்லை. சக்கரத்தின் விட்டம் 32 அடி, கப்பலின் அகலமே 33 அடி சொச்சம்தான்!

பாடாய்ப் படுத்தியது இன்ஜின்தான். கிணற்றில் ஏற்றம் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்துக்கு மேலே ஒரு பெரிய உத்தரம். அதன் ஒரு முனையை பிஸ்டன் ஏற்றி இறக்கும். மறுமுனை, அச்சில் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கிராங்கைப் பிடித்துச் சக்கரத்தின் அச்சைச் சுற்றும். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 11 அடி, அதாவது எனக்கு 17 மில்லிமீட்டர். கிராங்கின் கையையும் அதே 17-க்கு வெட்டிவிட்டேன். கிராங்க் சுற்றும்போது அதன் முனை கையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறி இறங்கும்; பாதி அல்லவா வரவேண்டும்! இரண்டு வாரம் உத்தரம் கூரையில் இடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிள் கம்பியை எட்டரைக்கு வளைத்ததும் சரியாகிவிட்டது.

நடுவில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். அன்று கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரின் ஐரிஷ்காரர்கள். அவர்களுடைய காவல்படையிடமிருந்து மாநில கவர்னர் ஆயுதங்களைப் பறித்திருந்தார். புதிதாக வாங்கப் பணம் திரட்ட சிகாகோவுக்கு உல்லாசப் பயணம் போய்த் திரும்பும் வழியில், புயல் காற்றில், மரம் ஏற்றி வந்த அகஸ்டா என்ற பாய்மரக் கப்பல் லேடி எல்ஜினின் இடது பக்கத்தில் மோதியது. மோதிய வேகத்தில் அகஸ்டா சிகாகோ பக்கம் போயேவிட்டது. லேடி எல்ஜினின் கேப்டன் வில்சன், கப்பலில் ஏற்றியிருந்த மாடுகளை ஏரியில் தள்ளச் சொன்னார், சரக்கை வலது பக்கம் நகர்த்தச் சொன்னார். ஓட்டை தண்ணீருக்கு மேலே வரவேண்டுமே!

மெழுகு தடவிய அட்டையில் வெறும் ஓடு ஒன்று செய்து, இடது பக்கம் ஓட்டை போட்டு, வாளியில் மிதக்கவிட்டேன். ஒரு ரூபாய் நாணயங்களை வலது ஓரத்துக்கு நகர்த்தினால் ஓட்டை மேலே வருகிறது; யோசனை தப்பில்லை. அப்புறம் கையால் லேசாக அலை எழுப்பினேன். மூன்றாவது அலையில் தண்ணீர் உள்ளே போய், சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, இன்னும் சாய்த்தது. நாணயமெல்லாம் வாளிக்குள். நிஜக் கப்பலும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

இறந்தவர்கள் சுமார் 300 பேர். பயணிகள் பட்டியலும் கப்பலோடு போய்விட்டதால் சரியான கணக்கே கிடையாது. பாய்மரக் கப்பல்களும் இரவில் விளக்கு வைக்கவேண்டும் என்ற விதி 1864-இல்தான் வந்தது. ஏரியடியில் சிதறிக் கிடந்த மிச்சங்களை 1989-இல் கண்டுபிடித்தார்கள்.

இனி பாக்கி புகைபோக்கிகள், படகுகள், மேற்கூரை. கூரையை மட்டும் ஃபெவிகால் போட்டு ஒட்டப்போவதில்லை, சும்மா மேலே வைக்கப்போகிறேன். கப்பல் உடைந்தபோது அது பெயர்ந்து தெப்பமாய் மிதந்தது. கேப்டனும் பலரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் சிகாகோவுக்கு வடக்கே உள்ள வின்னெட்கா கரைப் பக்கம் வந்தார்கள். கரை அலையில் அது நொறுங்கியது, கேப்டன் பிழைக்கவில்லை.