வினைமுற்றுக்கு இடம் வேண்டும்

7 ஜூலை 2025, திங்கள்

இன்று எங்கள் புதிய திரைப் பட்டையின் முன்மாதிரியைக் கையில் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டைப் பாதிக்கு மேல் சுற்றி வரும் ஒரே திரை. நீளம் ஏறக்குறைய நான்கு அங்குலம், அகலம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அழைப்பு, குறுஞ்செய்தி, வரைபடம் எல்லாம் இதிலேயே தெரியும். பெங்களூரு குந்தலஹள்ளியில் இருக்கும் எங்கள் நிறுவனம் மிகச் சிறியது. திரையில் தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மாத இறுதிவரை கைபேசி பைக்குள்ளேயே கிடக்க வேண்டும். பட்டையை மட்டுமே பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட கருவி இதற்கு முன்பும் வந்திருக்கிறது. 2013இல் சாம்சங்கும் எல்ஜியும் வளைத்துச் செய்த திரையுடன் கைபேசிகளை விற்கத் தொடங்கின. 2019இல் பார்சிலோனா கண்காட்சியில் நூபியா என்ற சீன நிறுவனம் மணிக்கட்டில் அணியும் கைபேசியையே வைத்தது. அதன் திரை 4.01 அங்குலம், 960க்கு 192 பிக்சல். எங்கள் திரைக்கும் அதே விகிதம்தான்.

இது எப்படி உடையாமல் வளைகிறது என்று மின்னணுப் பிரிவு அண்ணனிடம் கேட்டேன். கோலார் தங்கவயல்காரர், மாரிக்குப்பம் ரயிலில் தினமும் ஒயிட்ஃபீல்டுக்கு வந்து போகிறவர். கேட்டதற்கு அவர் தாளில் படமே போட்டுக் காட்டினார். முதலில் கண்ணாடித் தட்டின்மேல் பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக்கைத் திரவமாகப் பூசிச் சுடுகிறார்கள். அந்தப் படலத்தின்மேல் டிரான்சிஸ்டர்களையும் ஒளிரும் அடுக்குகளையும் அமைத்த பிறகு, பின்புறமிருந்து லேசர் பாய்ச்சிக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது தாளைப் போல வளையும். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் வெளிப்புறம் அரை சதவீதம் நீளும், உட்புறம் அதே அளவு சுருங்கும். நடுவில் நீளாமலும் சுருங்காமலும் ஒரு தளம் இருக்கும். எளிதில் விரிசல் விடும் அடுக்குகள் அனைத்தையும் அந்த நடுத்தளத்துக்கு அருகில் கொண்டுபோய் வைப்பதுதான் வித்தை. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. இரவு அப்பாவுக்கும் அதே படத்தை வரைந்து காட்டினேன்.

8 ஜூலை, செவ்வாய்

அல்சூரிலிருந்து குந்தலஹள்ளிவரை மெட்ரோ பெரும்பாலும் மேம்பாலத்தில்தான் ஓடுகிறது. பெட்டிக்குள் வெயில் வந்தால் திரை மங்கிவிடுகிறது. பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை என்று வைத்துக்கொண்டேன். ஓஎல்இடி என்னும் இந்த வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பாக இருக்கும் புள்ளிக்கு மின்சாரமே தேவையில்லை. 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. பின்விளக்கு இல்லாததால்தான் இவ்வளவு மெல்லியதாகச் செய்ய முடிகிறது.

10 ஜூலை, வியாழன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

அத்தைக்குச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண் சில வாரங்களாக ஆறாமல் இருக்கிறது. காலையில் அம்மா அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தார். நான் வண்டியில் நின்றுகொண்டிருந்தேன், ஒரு கை கம்பியில். பையப்பனஹள்ளி தாண்டும்போது பட்டை அதிர்ந்தது. திரையில் ஐந்து வரிகள்:

அத்தையை
இன்று
ஆஸ்பத்தி
ரியில்
சேர்க்க…

அவ்வளவுதான். நெஞ்சு படபடத்தது. சர்க்கரை நோயாளியின் கால் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். பென்னிகானஹள்ளியில் இறங்கி எதிர் நடைமேடைக்கு ஓடினேன். அங்கே நின்று பையிலிருந்து கைபேசியை எடுத்த பிறகுதான் முழுச் செய்தியும் தெரிந்தது: "அத்தையை இன்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

கட்டு மாற்றிக்கொண்டு வந்தால் போதுமாம். நிம்மதியாக இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இந்தத் திரையில் இடம் இல்லாமலா போயிற்று? நான்கு அங்குலம் இருக்கிறது! மின்கலனை மிச்சப்படுத்த, அறிவிப்பு வரும்போது கண்ணெதிரே இருக்கும் பகுதி மட்டும் ஒளிரும்படி வைத்திருக்கிறார்கள். மீதி இருட்டாகக் கிடக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

அலுவலகத்தில் இன்று முழுவதும் இதே பேச்சு.

நான் சொன்னது இதுதான். ஆங்கிலத்தில் "வேண்டாம்" என்பது வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடும். வாலை வெட்டினாலும் செய்தியின் போக்கு பெரும்பாலும் தப்பிவிடும். தமிழில் ஆமா இல்லையா, நடந்ததா நடக்கவில்லையா, செய்யவா விடவா எல்லாம் கடைசியில் நிற்கின்றன. வாலை வெட்டினால் தகவல் குறைவதில்லை, தலைகீழாகிவிடுகிறது. "போக" என்று நின்றால் அது போக வேண்டும், போக வேண்டாம், போக முடியவில்லை என எதுவாகவும் இருக்கலாம்.

தங்கவயல் அண்ணன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "கொரிய மொழியிலும் வினை கடைசியில்தானே வருகிறது? வளையும் திரையில் முன்னோடிகளே அவர்கள்தான். அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லையா?" இடத்தில்தான் வித்தியாசம் என்றேன். அவர்களுடைய எழுத்து ஓர் அசை முழுவதையும் ஒரே சதுரத்துக்குள் அடுக்கிவிடுகிறது. "சேர்க்க" என்று எழுத நமக்குக் கொம்பு, இரண்டு புள்ளி எழுத்து என்று இடம் நீள்கிறது. 192 பிக்சல் அகலத்தில், படிக்கும்படியான அளவில், ஆறேழு தமிழ் எழுத்துக்குமேல் நிற்பதில்லை. "ஆஸ்பத்திரியில்" என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு வரி போய்விடுகிறது.

வேறொன்றும் கண்டுபிடித்தோம். நீளமான செய்திகளை வெட்டும் நிரல் எழுத்துகளை எண்ணவில்லை, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. "கொ" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினியில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இருக்கலாம். அந்தக் குறியே ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று பிரிந்தும் இருக்கலாம். இடையில் வெட்டினால் "கொ" என்பது "க" ஆகும் அல்லது "கெ" ஆகும். இதை மாலைக்குள் திருத்திவிட்டார்கள். இது எளிது. முன்னது எளிதல்ல.

13 ஜூலை, ஞாயிறு

பட்டையைக் கழற்றி அப்பாவின் கையில் கட்டினேன். சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். எழுத்தைப் பார்ப்பதில் அவரைவிட நம்பகமான சோதனையாளர் எனக்குக் கிடைக்க மாட்டார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரம்மா இதற்குக் கோத்தது? வரி மெய்யெழுத்தில் தொடங்குகிறதே."

உண்மைதான். "சொல்லிவிட்டார்" என்பதைச் "சொல்லிவி" என்று ஒரு வரியிலும் "ட்டார்" என்று மறு வரியிலும் உடைத்திருந்தது. செய்தித்தாளின் ஒடுங்கிய பத்திகளில் இடைக்கோடு இல்லாமலே சொல்லை உடைப்பது நம் வழக்கம். ஆனால் புள்ளி வைத்த எழுத்தை வரியின் தலையில் நிறுத்துவதில்லை. அப்பாவுக்கு அது சட்டம். அடுத்ததாக வரிகளுக்கிடையே விட்ட இடத்தைப் பார்த்தார். மேல் வரியின் "கூ" சுழித்துக் கீழே இறங்கும் இடத்தில் கீழ் வரியின் "தீ" முட்டிக்கொண்டிருந்தது. "ஒரு தகடு செருகு" என்றார். வரிகளுக்கிடையே ஈயத் தகடு வைத்துக் கோத்த கைக்கு அப்படித்தான் சொல்ல வரும். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

எழுத்து கீழிருந்து மேலாக உருண்டு ஓடும் முறையையும் காட்டினேன். அலுவலகத்தில் பாதிப்பேர் அதுதான் தீர்வு என்கிறார்கள். "நான் படிக்கும் வேகம் இதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கும் அதே கருத்துதான்.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. மாலையில் தூறல். அல்சூர் கடைவீதியில் பூ வாங்கும்போது பட்டை தானாகவே யாருக்கோ அழைப்பு விடுத்தது. தொடுதிரை விரலின் மின்னேற்பை, அதாவது மின்னூட்டம் ஏற்கும் தன்மையை, கண்டுதான் தொடுகையை உணர்கிறது. மழைநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் துளியையும் விரலென்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் பூட்டிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று எழுதி அனுப்பினேன்.

மழை திரைக்குள் போகுமோ என்று அம்மா கவலைப்பட்டார். ஒளிரும் கரிமச் சேர்மங்களுக்கு ஈரம் ஆகாது. அதனால் கனிம அடுக்கு, பிளாஸ்டிக் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போர்த்தியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்பதுதான் இந்தத் துறையில் வைத்திருக்கும் இலக்கு.

22 ஜூலை, செவ்வாய்

மாற்றிய மென்பொருள் வந்தது. என் யோசனைப்படி, இடம் போதாவிட்டால் வாலை வெட்டாமல் நடுவை வெட்டுகிறது. "பால்காரருக்கு இந்த மாதம் பணம் கொடுக்காதே" என்று அனுப்பிப் பார்த்தோம். "பால்காரருக்கு … கொடுக்காதே" என்று வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பிறகு அம்மாவின் பழைய செய்தியைப் போட்டோம். "அத்தையை … டாக்டர் சொல்லிவிட்டார்" என்று வந்தது.

"வேண்டாம்" மறுபடியும் காணாமல் போய்விட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்பது "என்று" என்ற சொல்லுக்கு முன்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சரி, "என்று" வந்தால் அதற்கு முந்தைய சொல்லையும் காப்பாற்றலாம் என்றார்கள். "என்றால்" வந்தால்? "வேண்டாம் என்று சொல்லவில்லை" வந்தால்? ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் மூன்று வாக்கியத்தைச் சேர்த்து எழுதும் சித்தப்பாவின் செய்திகள் வந்தால்? விதிமேல் விதி போட்டுக்கொண்டே போகலாம். எந்த விதி என்றைக்குத் தவறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அவசரச் செய்தியில் அது தவறினால் என்ன ஆகும் என்பதை நான் பென்னிகானஹள்ளி நடைமேடையில் பார்த்துவிட்டேன். தமிழ் வாக்கியத்தை எங்கும் வெட்டக் கூடாது. என் முடிவு இது.

24 ஜூலை, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. இந்தத் திரையின் வளைவையே பயன்படுத்திக்கொள்வது!

இதுவரை செய்தியின் முதல் வரி கண்ணெதிரே தொடங்கியது. மீதி மணிக்கட்டின் அடிப்பக்கம் இறங்கியது. அதைத் திருப்பிப் போடச் சொன்னேன். செய்தியை முழுவதும் அச்சடிக்கட்டும். கடைசி ஐந்து வரிகள் கண்ணெதிரே நிற்கட்டும். தொடக்கம் மேல் வளைவில் ஏறி அப்புறம் போகட்டும். கையைச் சற்றே திருப்பினால் அதுவும் தெரியும். "மின்கலன் தாங்குமா?" என்று மேலாளர் கேட்டார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் மட்டும்தான் மின்சாரம் தின்கின்றன. இன்னும் பத்து வரி கூடுவதால் பெரிய செலவு இல்லை என்று தங்கவயல் அண்ணன் அளந்தே காட்டினார்.

அப்பா சொன்னபடி மெய்யெழுத்தில் வரி தொடங்காத விதியும் இதற்குள் சேர்ந்திருந்தது. அம்மாவின் செய்தியைப் போட்டோம்.

வேண்டாம்
என்று
டாக்டர்
சொல்லி
விட்டார்

கண்ணெதிரே இவ்வளவும் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அண்ணன் மேசையைத் தட்டினார்.

26 ஜூலை, சனி

திரையின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால், மின்கலன் இருக்கும் விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் இடம். லித்தியம் மின்கலனைத் திரையைப் போல வளைக்க முடியாது; அதனால் பட்டையில் ஒரு துண்டு கட்டியாகவே இருக்கிறது. வளைவு முழுவதும் பரவ வேண்டிய அழுத்தம் அந்த ஒரே கோட்டில் குவிகிறது. கட்டும்போதும் கழற்றும்போதும் அங்கேதான் மடிகிறது.

இந்தத் தொழில்நுட்பத்தில் பெரியவர்களும் இங்கே அடிபட்டிருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் சாம்சங்கின் மடிக்கும் கைபேசியை மதிப்பிட வாங்கியவர்களில் சிலர், மேலிருந்த படலத்தைப் பாதுகாப்பு ஒட்டுத்தாள் என்று எண்ணி உரித்துவிட்டார்கள். அது திரையின் பகுதியே. வேறு சிலருக்கு உரிக்காமலும் பழுதானது. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. எங்களுக்கும் பொறுமை வேண்டும். அந்தச் சந்திப்பில் கூர்மையான மடிப்பு விழாதபடி இடையில் மெல்ல மெல்ல விறைப்புக் குறையும் துண்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்று அண்ணன் வரைந்துகொண்டிருக்கிறார்.

30 ஜூலை, புதன்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் மூன்றே கோரிக்கைகள்: இந்திய மொழிச் செய்தியை வெட்டாதீர்கள்; வாக்கியத்தின் முடிவைக் கண்ணெதிரே வையுங்கள்; வரிக்கு வரி போதிய இடம் விடுங்கள். மீதி எல்லாம் பின்னிணைப்பு. அத்தையின் புண் ஆறி வருகிறது. நேற்று தானே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மைசூரிலிருந்து வந்து எங்கள் குழுவில் கன்னடம் பார்க்கும் தோழி, அறிக்கையைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். கன்னடத்திலும் "போகாதே" என்பது "ஹோகபேட". அங்கும் மறுப்பு கடைசியில்தான். அதோடு கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் கீழே தொங்குவதால் எங்களைவிட அதிக வரி இடைவெளி வேண்டும். தன் வீட்டுச் செய்திகளை எடுத்துவருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை, புதிய பட்டை வந்ததும், இருவரும் சேர்ந்து உட்காருகிறோம்.