சில்வர் மேப்பிளில் பாணி காய்ச்சியது: இந்த வருடக் குறிப்புகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பின்வளவில் மேப்பிள் மரம் நிற்கிறது என்றால் உடனே போத்தலில் வரும் பாணி ஞாபகத்துக்கு வரும், ஆனால் அது பாணிக்குப் பேர்போன சுகர் மேப்பிளாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பழைய வளவுகளில் நார்வே மேப்பிளும் சில்வர் மேப்பிளும் நிறைய. கோடையில் இலைக்காம்பை முறித்துப் பாருங்கள், பால் வடிந்தால் நார்வே. இலை ஆழமாக வெட்டுப்பட்டு அடிப்பக்கம் வெளிறிக் கிடந்தால் சில்வர். எங்கள் வளவில் நிற்பவை இரண்டும் சில்வர்தான். மரத்தைத் துளைத்தால் சாறு வரும், காய்ச்சினால் நல்ல பாணியும் வரும், சீனிதான் குறைவு.

சுகர் மேப்பிள் சாற்றில் சீனி 2 சதவீதமளவில் இருக்கும், நல்ல மரமென்றால் 3. எங்கள் சாற்றை ரிஃப்ராக்டோமீட்டரில், அதாவது சீனியின் அளவைக் காட்டும் கருவியில், பார்த்தால் 1.6. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் 86 கணக்கைப் போட்டால் தலை சுற்றும். 86ஐச் சீனியின் சதவீதத்தால் வகுத்தால் ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்று தெரியும். 2 சதவீதத்துக்கு 43 லீற்றர். 1.6 என்றால் கிட்டத்தட்ட 54, அதில் 53 லீற்றர் ஆவியாகிப் போகவேண்டும்! கருப்பநீரில் 10 சதவீதத்துக்கு மேல் சீனி இருக்கிறது, அதைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்த ஊர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே இந்த வருடம் முழுக்க என் கவலை ஒன்றே ஒன்று: தண்ணீரைக் குறைந்த செலவில் எப்படி விரட்டுவது.

துளைபோடும் வேலை சுலபம். பெப்ரவரி கடைசி தொடங்கி இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் வரும், இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5 என்றால் உத்தமம். உறையும்போது மரம் வேரிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது, உருகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளை கண்ட இடத்தால் சாறு வெளியே வருகிறது. இரவில் உறையாவிட்டால் எவ்வளவு வெயில் எறித்தாலும் ஓட்டம் நின்றுவிடும். 8 மில்லிமீற்றர் துளை, ஆழம் 4 சென்டிமீற்றர் போல, சாறு வெளியே வடிய வசதியாக உள்ளே போகப் போகச் சற்று மேல்நோக்கி. துருவல் வெள்ளையாக வரவேண்டும், மண்ணிறமாக வந்தால் அது செத்த கட்டை, அங்கே ஒன்றும் வராது. மரத்தின் குறுக்களவு 30 சென்டிமீற்றராவது இருக்கவேண்டும், 45ஐத் தாண்டினால்தான் இரண்டாவது துளையைப் பற்றி யோசிக்கலாம். வீதியோரத்து மரங்கள் நகரசபையுடையவை, எவ்வளவு கொழுத்து நின்றாலும் கை வைக்க வேண்டாம். துளையில் செருகும் குழாயால் சாறு வாளிக்குள் வடியும். வாளி உணவுக்கு ஏற்றதாக, மூடியோடு இருக்கட்டும். பழைய சாமான் கடைகளில் கிடைக்கிற அழகான தகர வாளிகளில் ஈயப்பற்று இருக்கலாம், அவை பூ வைக்கத்தான் சரி.

அம்மா முதல் வாளியில் ஒரு கிளாஸ் அள்ளிக் குடித்துவிட்டு, "பச்சைத்தண்ணி மாதிரித்தானே கிடக்கு" என்றார். உண்மைதான், நிறமும் அப்படித்தான், ருசியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இந்தத் தண்ணீர் பாலைப் போலப் பழுதாகும். சாற்று வாளிகளைக் கராஜுக்கு வெளியே வடக்குப் பக்கச் சுவரோரம் பனிக்குள் புதைத்து வைத்து, சில நாட்களுக்குள் காய்ச்சிவிடவேண்டும்.

இனித்தான் முக்கியமான விஷயம். சாறு உறையும்போது முதலில் தண்ணீர்தான் கட்டியாகிறது, சீனி பெரும்பாலும் உறையாத பகுதியில் தங்கிவிடும். வாளியை இரவு வெளியே விட்டுக் காலையில் மேலே மிதக்கிற ஐஸை எடுத்து எறிந்தால் அவ்வளவு தண்ணீர் நெருப்பில்லாமலே போய்விட்டது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1750களில் ஒஹாயோப் பக்கம் பூர்வகுடி மக்களிடம் பிடிபட்டு அவர்களோடு வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரர் இதையே எழுதி வைத்திருக்கிறார். சீனியையும் சேர்த்தல்லவா எறிகிறீர்கள் என்று அவர் கேட்க, எறிவது வெறும் தண்ணீர், சீனி உறைவதில்லை என்றார்களாம். அவர்கள் சொன்னது ஏறக்குறையச் சரி. எறியப்போன ஐஸை உருக்கி அளந்து பார்த்தேன், 0.4 காட்டியது. 20 லீற்றர் வாளியில் 8 லீற்றர் ஐஸை எடுத்தால் மிச்சம் 12 லீற்றர், அது 2.4 சதவீதத்துக்கு ஏறுகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு சீனியைக் கொடுத்து, பத்தில் நாலு பங்கு தண்ணீரைத் தொலைக்கலாம். சில்வர் மேப்பிள் ஒரே இரவில் சுகர் மேப்பிளைத் தாண்டிவிட்டது! ஐஸ் மெல்லிய தட்டாக இருக்கும்போதே எடுப்பது நல்லது. வாளி முழுக்க இறுகிவிட்டால் சீனியும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும், பிறகு எறிய மனம் வராது.

அடுத்தது அடுப்பு. ரொறன்ரோவில் வளவுக்குள் விறகு மூட்டக் கூடாது, அதனால் புரொப்பேன். குசினிக்குள் காய்ச்சலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு லீற்றர் பாணிக்கு ஐம்பது லீற்றர் தண்ணீர் ஆவியாகி உங்கள் சுவரிலும் அலுமாரியிலும் படியும், மனைவி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வேண்டும். 53 லீற்றருக்குப் பார்த்தால் 120, சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னும் ஒரு 20. ஒரு கிலோ புரொப்பேன் 46 மெகாஜூல் தருகிறது, ஆனால் வெளியே காற்றில் நிற்கிற அடுப்பில் பாதிக்கு மேல் சும்மா போய்விடும். பார்பெக்யூவுக்கு வாங்குகிற 9 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய ஒரு லீற்றர் பாணிக்குச் சரி. சிலிண்டரின் விலைக்குக் கடையில் கியூபெக் பாணி இதைவிட அதிகமாகவே வாங்கலாம், இதை முதலே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

காற்றுக்குத் தகரத்தால் மூன்று பக்கமும் மறைப்பு வைத்ததும் நல்ல முன்னேற்றம். அதைவிடப் பெரிய முன்னேற்றம் பாத்திரத்தை மாற்றியது. ஆழமான பெரிய பானையில் சாறு கொதித்துக்கொண்டே இருக்கும், குறையாது. ஆவி போவது மேற்பரப்பால்தான், ஆகவே கேட்டரிங்காரர் சோறு, கறி வைக்கிற அகலமான எவர்சில்வர் தட்டு ஒன்றை வாங்கினேன். பக்கத்து அடுப்பில் சின்னப் பானையில் சாற்றைச் சுடவைத்து, சூடாகவே தட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கொதி அடங்காது. குளிர்ந்த சாற்றை அப்படியே ஊற்றினால் அடுப்பு அதைத் திரும்பக் கொதிக்க வைப்பதிலேயே நேரத்தைத் தின்னும்.

நுரை திடீரென்று எழும்பும். மிளகளவு பட்டர் போட்டால் அந்தக் கணமே அமரும். முந்தி இங்கே பன்றிக் கொழுப்புத் துண்டொன்றைப் பாத்திரத்துக்கு மேல் கட்டித் தொங்கவிடுவார்களாம். கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் ஆமணக்கு முத்தை இடித்துப் போடுவதும் இதற்குத்தான், எண்ணெய்ப் பசை பட்டால் குமிழி நிற்காது.

நிறம் தேன் போல வந்ததும் சின்னச் சட்டிக்கு மாற்றி உள்ளே கொண்டுவருவேன், மிச்ச ஆவி கொஞ்சம்தான். இங்கே வெப்பமானி இல்லாமல் முடியாது. அன்றைக்குத் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று முதலில் பாருங்கள், காற்றழுத்தத்தைப் பொறுத்து அது மாறும். அதற்கு மேல் 4 பாகை வந்தால் பதம். சீனி 66 சதவீதத்துக்குக் குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கூடினால் போத்தலின் அடியில் கற்கண்டு விளையும். சூட்டோடு தடித்த கம்பளித் துணியில் வடிக்கவேண்டும். மணல் போல ஒன்று பிடிபடும், அது பெரும்பாலும் கல்சியம் மாலேற்று, சாற்றில் கரைந்திருந்ததுதான். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் பல்லில் கரகரக்கும். கோப்பி வடிக்கிற கடதாசியை நம்பாதீர்கள், அடைத்துக்கொண்டு நிற்கும். 82 பாகைக்குக் குறையாமல் போத்தலில் ஊற்றி, மூடி, ஒருதரம் சரித்து வைத்தால் மூடியும் சூட்டில் சுத்தமாகும்.

முதல் காய்ச்சலில் வந்தது பொன்னிறம். பிறகு வெயில் ஏற ஏற, சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகி சுக்ரோஸைக் குளுக்கோஸ், பிரக்டோஸாக உடைக்கின்றன, அவை காயும்போது சீக்கிரம் கறுக்கும். கடையில் பொன்னிறம்தான் மெல்லிய ருசி என்று தட்டில் தனியாக வைப்பார்கள். எனக்குக் கறுத்ததுதான் பிடிக்கிறது. கெட்டித் தயிரில் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்ட நாக்குக்கு அதுதான் பொருந்தும், பால் அப்பத்துக்கும் அதுவே. பொன்னிறத்தைப் பான்கேக் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு விட்டுவிட்டேன்.

சில்வர் மேப்பிளுக்கு இன்னொரு குறை, அது சுகர் மேப்பிளுக்கு முந்தியே மொட்டு விடும். மொட்டு வீங்கத் தொடங்கியதும் சாறு கொதிக்கும்போதே ஒரு மாதிரி மணம் அடிக்கும், அதைக் காய்ச்சினால் எரிவாயுதான் நட்டம். அந்த வாளியை மரத்தடியிலேயே ஊற்றிவிட்டுக் குழாய்களைக் கழற்றினேன். துளைக்கு அடைப்பு எதுவும் வேண்டாம், மரம் தானே மூடிக்கொள்ளும். அடுத்த வருடத் துளை இதற்கு நேர் மேலேயோ கீழேயோ வரக்கூடாது, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் போடவேண்டும்.

அடுத்த முறைக்கு யோசிப்பது, குசினித் தண்ணீர் வடிகட்டியில் இருக்கிற ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ் சவ்வை இதற்குப் பயன்படுத்துவது. பெரிய தோட்டக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் கொதிக்க வைக்குமுன்னரே தண்ணீரைப் பிரிக்கிறார்கள். 1.6ஐ 5க்குக் கொண்டுவந்தாலே 54 லீற்றர் 17 ஆகிவிடும், ஒரு சிலிண்டரில் மூன்று லீற்றர் பாணி. பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், உறைகிற இரவுகளில் அதைக் கராஜுக்குள் எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.