என்கே செல் சோர்ந்துவிட்டதா, எண்ணிக்கை குறைந்துவிட்டதா?

என்கே (நேச்சுரல் கில்லர்) செல்கள் புற்றுச் செல்களைக் கொல்லும் வெள்ளணுக்கள். புற்றுநோயாளிகளின் என்கே செல்களுக்குக் கொல்லும் திறன் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்தக் குறைவில் எவ்வளவு நோயினால் வந்தது, எவ்வளவு சோதனை முறையால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தத்தோடு அதே அளவு உப்புக் கரைசலைக் கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் என்ற பிரிப்புத் திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, 400 ஜி விசையில் 30 நிமிடம் சுழற்றுவார்கள். பிரேக் போடக்கூடாது, போட்டால் அடுக்குகள் கலங்கிவிடும். நடுவில் நிற்கும் வெண்படலத்தை (என்கே, டி செல் போன்ற வெள்ளணுக்கள் இதில்தான் இருக்கும்) எடுத்துக் கழுவி, கே562 என்ற ஆய்வக இரத்தப் புற்றுச் செல்களோடு 4 மணி நேரம் வைத்து, எத்தனை கே562 செத்தன என்று அளப்பார்கள். தானாகச் சாகும் கே562 செல்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைய சோதனையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சிக்கல் இரண்டையும் கலக்கும் விகிதத்தில் இருக்கிறது. 50:1 என்றால் ஒரு கே562-க்கு 50 என்கே செல்கள் என்று அர்த்தமில்லை. வெண்படலத்துச் செல்கள் எல்லாம் சேர்த்து 50. அதில் என்கே 15 சதவீதம் இருப்பவருக்கு 7.5 செல்கள், 5 சதவீதம் இருப்பவருக்கு 2.5. ஒவ்வொரு செல்லும் ஒரே திறனோடு இருந்தாலும் முடிவு வெகுவாக வேறுபடும். அதனால் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், சிடி3 என்ற மேற்பரப்புப் புரதம் இல்லாத, சிடி56 உள்ள செல்களை (அவைதான் என்கே) எண்ணி, என்கே செல் கணக்கில் விகிதத்தைத் திருத்துங்கள். செல் தன் கொல்லும் பொருளை வெளியிடும்போது மேற்பரப்புக்கு வரும் சிடி107ஏ புரதத்தின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அதில் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடியைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். வெளியே வரும் சிடி107ஏ திரும்ப உள்ளே போய்விடும்.

நோயாளியின் வெண்படலத்தில் இன்னொரு விருந்தாளியும் உண்டு: அடர்த்தி குறைந்த நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். இவை வெளியிடும் ஆர்ஜினேஸ் நொதி அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தின்றுவிட, டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு வெள்ளணுக்களில் சமிக்ஞை கடத்தும் சிடி3 ஸீட்டா சங்கிலி குறைகிறது. இது நோயின் விளைவுதான். ஆனால் நலமானவரின் இரத்தத்தையும் இரவு முழுக்க வைத்திருந்தால் நியூட்ரோஃபில்கள் அந்தப் படலத்துக்கு ஏறிவிடும். இரு தரப்பு மாதிரிகளையும் எடுத்த சில மணி நேரத்துக்குள், ஒரே இடைவெளியில் பிரித்தால்தான் ஒப்பீடு செல்லும். ஒன்று புதிது, ஒன்று உறையவைத்தது என்றால் வேண்டவே வேண்டாம். உறைந்து உருகிய என்கே செல்கள் கொல்லும் திறனை இழக்கின்றன.

வயது பொருந்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது டெக்ஸாமெத்தசோன்: கீமோ வாந்திக்குக் கொடுக்கும் அந்த ஸ்டீராய்டே செல்களை அடக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்களும் என்கே திறன் விழும். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த இரத்தமே உகந்தது.

டி செல்லில் பிடி-1 என்ற தடைப் புரதம் இருந்தாலே அது சோர்ந்த (செயல்திறன் இழந்த) செல் என்று எழுதிவிடாதீர்கள். புதிதாகத் தூண்டப்பட்ட செல்லிலும் அது வரும். டிம்-3, லாக்-3 என்ற மற்ற தடைப் புரதங்களும் கூடவே இருக்கின்றனவா, தூண்டினால் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கிறதா என்று பாருங்கள். அதையும் முடிந்தால் கட்டித் திசுவிலேயே பாருங்கள். அங்கே சோர்ந்து கிடக்கும்போது இரத்தத்தில் எல்லாம் சரியாகவே தெரியலாம்.