காலையில் 29, மதியம் 33

பைக்கின் இரண்டு டயர்களிலும் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் காற்றழுத்த சென்சார் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. முதல் வாரம் முழுக்க அதன்மேல் எனக்குச் சந்தேகம்தான். காலையில் முன் டயர் 29 பிஎஸ்ஐ காட்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 33.

கருவி பொய் சொல்லவில்லை. ஓட ஓட டயரும் உள்ளிருக்கும் காற்றும் சூடாகின்றன. ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ ஏறும். கையேட்டில் உள்ள அளவு, ஓடாமல் குளிர்ந்து நிற்கும் டயருக்கானது. அது தெரியாமல் சூட்டோடு காற்றை இறக்கிவிட்ட புத்திசாலி நான்.

பெட்ரோல் பங்க் மீட்டருக்கும் இதற்கும் 2 பிஎஸ்ஐ வித்தியாசம். எது சரி என்ற வழக்கை விட்டுவிட்டேன். எண்ணைவிட அது இறங்கும் வேகம்தான் எனக்கு உதவியது. போன வாரம் பின் டயர் 32, 27, 24 என்று சரிய, அலாரம் கேட்டு ஓரங்கட்டினேன். ஆணி! டியூப்லெஸ் என்பதால் பஞ்சர் கடைவரை மெல்லப் போய்ச் சேர முடிந்தது.

ஒரு குறை உண்டு. இவ்வகை சென்சார் வால்வின் ஊசியை எப்போதும் அழுத்தி, வால்வைத் திறந்தே வைத்திருக்கும். காற்றை அடைத்து நிற்கும் சென்சாரின் ரப்பர் வளையம் தேய்ந்தால், கசிவைச் சொல்ல வந்ததே கசியவிடும். மாட்டியதும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.