ஈபி லைன் இல்லாத வீட்ல டிஷ்வாஷர், நாலு மாசம் ஓட்டிப் பாத்தது

கொடைக்கானல் கீழ்மலைல தாண்டிக்குடி பக்கம் எங்க தோட்டத்து வீட்டுக்கு ஈபி லைன் கிடையாது, எல்லாமே சோலார்தான். மேல 3 கிலோவாட் பேனல், கீழ 48 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, 3 கேவிஏ இன்வெர்ட்டர். பேட்டரி ஃபுல்லானாலே 5 யூனிட் கிட்டதான் நிக்கும், ராத்திரி ஃப்ரிட்ஜ் லைட்டு ஃபேன் எல்லாம் அதுக்குள்ள ஓடணும். இதுல டிஷ்வாஷர் எதுக்குன்னு நிறைய பேர் கேட்டாங்க, ஆனா மார்கழி பனில அம்மா தொட்டித் தண்ணில பாத்திரம் விளக்கிட்டு விரல மடக்க முடியாம அடுப்புக்கிட்ட கைய நீட்டிட்டு உக்காந்திருந்ததப் பாத்தப்புறம் எனக்கு வேற யோசனையே ஓடல.

கடைல எத்தனை ஸ்டார், எத்தனை செட் பாத்திரம் பிடிக்கும்னுதான் சொல்றாங்க. நமக்கு முக்கியம் ஹீட்டர் எத்தனை வாட், உள்ள விடுற தண்ணி எத்தனை டிகிரி வரைக்கும் இருக்கலாம், இந்த ரெண்டும்தான். மெஷின் இழுக்குற கரண்ட்ல பெரும்பகுதி தண்ணி சுடவைக்கவே போகுது, பம்ப்புக்கு கொஞ்சம்தான். ஒரு லிட்டர ஒரு டிகிரி ஏத்த 1.16 வாட் அவர் வேணும் (ஆயிரம் வாட் அவர்தான் ஒரு யூனிட்), எங்க தொட்டித் தண்ணி காலைல 18 டிகிரி, அத 50க்கு கொண்டுபோக 4 லிட்டருக்கே 150 வாட் அவர் ஆயிடுது, அதோட எவர்சில்வர் தட்டு டம்ளர் எல்லாம் சேந்து சூடாகணும், கடைசி அலசுக்கு மறுபடி சூடாக்கணும். மாடில சோலார் ஹீட்டர்ல சுடுதண்ணி சும்மா நிக்குறப்ப இத பேட்டரில இருந்து எடுக்க மனசு வரல.

ஒரு கடைல சுடுதண்ணி லைன் கொடுத்தா மெஷின் போயிடும்னு ஒரே அடியா சொல்லிட்டாங்க. நான் மேனுவல வாங்கிப் படிச்சேன், 60 டிகிரி வரைக்கும் விடலாம்னு தெளிவா போட்டிருந்துச்சு, அந்த மாடலையே எடுத்தேன். மேனுவல் பாக்காம எதையும் வாங்காதீங்க, எல்லா மாடலுக்கும் இது கிடையாது.

ப்ளக்ல மீட்டர் சொருகிப் பாத்தேன். பச்சத்தண்ணில ஈகோ மோடு, அதாவது கரண்ட மிச்சம் பண்ண மெதுவா ஓடுற மோடு, 0.84 யூனிட். சுடுதண்ணி லைன் கொடுத்ததும் 0.71, ரொம்ப ஏமாத்தமா போச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, மாடில இருந்து 12 மீட்டர் அரை இன்ச் பைப்பு, அதுக்குள்ளயே ஒன்றரை லிட்டர் ஆறின தண்ணி நிக்குது, மெஷின் ஒரு தடவைக்கு எடுக்குறதே 4 லிட்டர்தான். இப்ப ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பக்கத்து சிங்க் டேப்ப திறந்து கை பொறுக்காத சூடு வர்ற வரைக்கும் வாளில புடிச்சு, அத கறிவேப்பிலச் செடிக்கு ஆறவச்சு ஊத்திடுறோம். இப்ப 0.47!

பதினொரு மணிக்கு வெயில் ஏறினதும்தான் போடுறது. ஈகோ மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுது, ஆனா ஹீட்டர் எரியுறது பத்து நிமிஷம் சொச்சம்தான், அப்ப மட்டும் 1900 வாட் இழுக்கும். முதல் வாரம் அந்த நேரம் பாத்து அம்மா மிக்சில சட்னி அரைக்க, ஃப்ரிட்ஜும் கூட எடுக்க, இன்வெர்ட்டர் ஓவர்லோடுல ட்ரிப் ஆயிடுச்சு. இப்ப சட்னி அரைச்சப்புறம்தான் பாத்திரம். சூட்டுல காயவைக்குற ஆப்ஷன ஆஃப் பண்ணிட்டேன், முடிஞ்சதும் கதவ திறந்து விட்டா அதுவா காஞ்சிடுது.

அலுமினிய இட்லித் தட்ட உள்ள வச்சு கருப்பாக்கினது என் தப்பு, டிஷ்வாஷர் பவுடருக்கு அலுமினியம் ஆகாது. இரும்புக் கல்லும் உள்ள போகக்கூடாது, துரு ஏறிடும். எவர்சில்வர் குழம்புச் சட்டி, எவர்சில்வர் குக்கரெல்லாம் பளிச்சுன்னு வருது.

ஏப்ரல் வெயில்ல மாடி சோலார் ஹீட்டர் தொட்டி மத்தியானம் 68 டிகிரி காட்டுச்சு, அத அப்படியே விடக்கூடாதுன்னு 55ல நிக்குற மாதிரி பச்சத்தண்ணி கலந்து விடுற ஒரு மிக்சிங் வால்வு மாட்டியாச்சு. அடுத்து பைப்புக்கு இன்சுலேஷன் சுத்தணும், சுத்தினதும் மறுபடி மீட்டர் வச்சு நம்பரப் போடுறேன்.