பாடு மண்ணாப் போச்சு

அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, மூணாம் வருஷம் முடித்திருந்தேன். பார் கவுன்சில் விதிப்படி ஐந்து வருஷத்துக்குள் மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் காட்டியாக வேண்டும். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் கூடாது. சுற்றுச்சூழல் வழக்குப் பக்கம்தான் போக வேண்டும் என்று பிப்ரவரியிலேயே மெயில் போட ஆரம்பித்தேன். சீனியர் அக்கா ஒருத்தர் கொடுத்த மாதிரிக் கடிதம், இயற்கைமீது எனக்கிருக்கும் தீராத ஆர்வத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். பதினேழு வக்கீல்களுக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை.

பதினெட்டாவது மெயிலில் ஐந்தே வரி. அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், கையெழுத்து மனு எப்படி இருந்தாலும் படித்துவிடுவேன், அடங்கல், புலப்படம் போன்ற நிலப் பதிவேடுகள் பார்க்கத் தெரியும், இரண்டு மொழியிலும் டைப் அடிப்பேன், மே முழுக்க வர முடியும். மறுநாளே போன் வந்தது. ஸ்டைபெண்ட் கிடையாது என்பதை வக்கீல் மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மே மாதம் கேட்பதில் ஒரு கணக்கு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு அப்போது கோடை விடுமுறை, ஆனால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கும். இடம், சேப்பாக்கத்தில் கலச மகால். 2012-இல் தீப்பிடித்து எரிந்து, பிறகு பழுதுபார்த்த அதே கட்டடம். வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டுமாகப் பறக்கும் ரயிலில் இறங்கி அதன் முன்னால் நின்றபோது, இன்றைக்கே ஏதோ வாதம் எழுதச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மேடத்தின் குமாஸ்தா அண்ணா ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக் கொடுத்து, “பக்க நம்பர் போடும்மா. தப்பிச்சுன்னா மொத்தமும் திரும்பப் போடணும்” என்றார். இரண்டு தடவை தப்பியது.

மூன்றாம் நாள்தான் உண்மையான வேலை. பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது. வரத்து வாய்க்காலில் யாரோ மண் கொட்டி மறித்துவிட்டார்கள். அதிகாரிகளுக்கு ஊர்க்காரர்கள் எழுதிய மனுவை ஆங்கிலத்தில் பெயர்த்து, தேதிப் பட்டியலும் தயாரிக்கச் சொன்னார் மேடம். மனுவில் ஒரு வரி: “போன கார்த்திகையிலிருந்து எங்க பாடு மண்ணாப் போச்சு.” வாழ்க்கையே பாழாகிவிட்டது என்று உருக்கமாகப் பெயர்த்துவைத்தேன். கூடவே, அது பறவைகள் சரணாலயப் பகுதி என்று ஒரு பத்தி வாதமும் சேர்த்தேன்.

மேடம் முதலில் அந்தப் பத்தியை அடித்தார். “பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தோட முதல் அட்டவணையைப் பாரு. ஏழு சட்டம் இருக்கு. வனவிலங்குச் சட்டம் அதுல இருக்கா?” இல்லை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதன் கீழ் வருகிறது. அந்த வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

பிறகு மனு வரியில் விரலை வைத்து, “பாடுன்னா என்ன?” என்று கேட்டார்.

“கஷ்டம், மேடம். பிழைப்பு.”

“ஊருக்குப் போன் பண்ணிக் கேளு.”

மனு கொடுத்த பெரியவர் சிரித்துவிட்டார். “பாடுன்னா நாங்க வலை போடுற இடம்மா. யாரு எந்தப் பாட்டுல, எந்த முறையில எறங்கணும்னு ஊர்கூடிப் பிரிச்சு வெச்சிருக்கோம். அது மண்ணு மூடிப் போச்சுன்னு எழுதியிருக்கோம்.” அவர் ஒரு சாட்சியத்தை எழுதியிருக்கிறார், நான் அதைப் புலம்பலாக மாற்றியிருக்கிறேன். மனு எழுதுபவரின் மகள் என்று மெயிலில் பெருமையடித்தவள் நான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே வரியில் இன்னொரு கண்ணியும் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழக்குப் போட ஆறு மாதம்தான் கெடு. பிரச்சினைக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கிடைக்கலாம். தேதிப் பட்டியலில் நான் மனுவின் தேதியான ஜனவரி 8-ஐ முதல் நாளாக வைத்து, ஜூலை வரை நேரமிருக்கிறது என்று எழுதியிருந்தேன். மேடம் என் பேனாவை வாங்கி, ‘கார்த்திகை’யைச் சுற்றி வட்டம் போட்டார். கார்த்திகை பிறப்பது நவம்பர் நடுவில், ஆறு மாதம் முடிவது மே நடுவில். அன்றைக்கு மே 6.

அடுத்த ஆறு நாளும் இரவு ஒன்பது வரை ஆபீஸ்தான். பெரியவரின் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லாரிப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கினோம். பிரமாணப் பத்திரம், வக்காலத்து, டைப்டு செட் என்கிற ஆவணத் தொகுப்பு. இழப்பீடு கேட்காத மனு என்பதால் கட்டணம் 1,000 ரூபாய். மே 12 தாக்கல். ‘பாடு’ தமிழ்ச் சொல்லாகவே நின்றது, அடியில் மூன்று வரி விளக்கத்தோடு. அந்த மூன்று வரி நான் எழுதியது. மற்றதெல்லாம் மேடம் திருத்தியது.

மண் கொட்ட அனுமதி தந்தது யார் என்று கேட்டு, முதல் வாரமே என் பெயரில் தகவல் உரிமை மனு ஒன்றும் போட்டிருந்தேன். பத்து ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி. பதிலுக்கு 30 நாள் கெடு, என் இன்டர்ன்ஷிப்போ 28 நாள். இன்டர்ன்ஷிப் டைரியில் மேடத்திடம் கையெழுத்து வாங்கி ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து அப்பா ஒரு கவரை நீட்டினார். கேட்ட தகவல் தங்களிடம் இல்லையாம், தகவல் உரிமைச் சட்டம் 6(3) பிரிவின்படி வேறோர் அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். அப்படி மாற்ற சட்டம் கொடுத்திருப்பது ஐந்து நாள். கவரைப் படம் பிடித்து குமாஸ்தா அண்ணாவுக்கு அனுப்பினேன். “பக்க நம்பர் 143” என்று பதில் போட்டார்.